உப்புக்காற்று குடித்த 45 இசைத்தட்டு: கழுவி, ஓடவிட்டு, கணினிக்கு மாற்றும் முறை

பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் ஏழு அங்குல இசைத்தட்டு, அதாவது நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் ‘45’ தட்டு ஒன்று கிடைத்தால் முதலில் செய்ய வேண்டியது, அதை ஓடவிடாமல் இருப்பது. கீழக்கரை, தொண்டி, மண்டபம், பாம்பன் என்று கடலை ஒட்டிய ஊர்களில் சபுராளிகளும் (வெளிநாட்டுக்குப் போய்ப் பிழைத்தவர்கள்) கப்பல்காரர்களும் கொண்டுவந்த தட்டு என்றால், அது நாற்பது வருடம் உப்புக்காற்றில் கிடந்திருக்கும். தட்டு செய்த வினைல் பிளாஸ்டிக் வயதானதால் மட்டும் கெட்டுப்போவதில்லை. ஊசி ஓடும் பள்ளத்தில் உப்பு படிந்திருக்கும்போது ஊசியை வைத்தால்தான் கெடுகிறது. அந்த ஒரு ஓட்டத்தில் விழுந்த கீறல் பிறகு எத்தனை கழுவினாலும் போகாது.

ஒரு குறிப்பிட்ட தட்டை வைத்தே முறையைச் சொல்கிறோம். பகிள்ஸ் குழுவின் ‘வீடியோ கில்டு த ரேடியோ ஸ்டார்’. 1979 செப்டம்பரில் ஐலண்டு நிறுவனம் வெளியிட்டது, பிரிட்டன் தட்டின் எண் டபிள்யூ.ஐ.பி. 6524. அடுத்த மாதமே அங்கே முதலிடம். 1981 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியபோது முதன்முதலாக ஒளிபரப்பான காணொளியும் இதுதான். டிரெவர் ஹார்ன், ஜெஃப் டவுன்ஸ் இருவரும்தான் குழு. பாட்டை எழுதியதில் புரூஸ் வூலிக்கும் பங்கு உண்டு. நியூ வேவ் பாப்பில் ஒரே பாட்டால் பெயர் நிலைத்த குழுக்களைப் பேசும்போதெல்லாம் இந்தப் பெயர் வரும்.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சிங்கிள் தட்டில் இருப்பது 3 நிமிடம் 25 நொடி. 1980இல் வந்த நீளத்தட்டில் (பல பாட்டுகள் உள்ள எல்.பி.) இருப்பது 4 நிமிடம் 13 நொடி, முடிவில் பியானோவும் சிந்தசைசரும் நீண்டு போகும். அன்று வானொலியில் ஓடி வென்றது சின்னத் தட்டில் உள்ள வடிவம். அதனால் ‘இணையத்தில்தான் கிடைக்கிறதே’ என்று தட்டை ஒதுக்கிவிடக் கூடாது. இன்னொன்று, இந்தப் பாட்டின் அமைப்பே பிளேயரைச் சோதிக்க நன்றாக உதவும். அதைப் பின்னால் பார்ப்போம்.

உப்பு என்ன செய்கிறது

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கரையோரம் அந்த அளவு ஈரம் சர்வ சாதாரணம். தட்டின் மேல் படிந்த உப்புத்தூசி அப்போது கரைந்து மெல்லிய நீர்ப்படலமாகப் பள்ளத்துக்குள் இறங்குகிறது. தை பிறந்து காற்று உலர்ந்ததும் அங்கேயே மணியாக உறைகிறது. வருடா வருடம் இதேதான் நடக்கிறது. பள்ளத்தின் அகலமே ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவுதான் என்பதால், உள்ளே உறைந்த மணி ஊசிக்குப் பாறை.

உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பது இதனால்தான் தப்பு. உப்போடு மணலும் சேர்ந்திருக்கும். துடைத்தால் உப்புத்தாள் தேய்த்த மாதிரி. அதே உப்புக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. நல்ல தண்ணீர் பட்டால் மிச்சமில்லாமல் கரைந்துவிடும். இந்த ஊரில் அந்த நல்ல தண்ணீர் கிடைப்பதில்தான் சிக்கல்.

தண்ணீர்

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் பகுதி நிலத்தடி நீரில் உப்போடு சுண்ணாம்பும் மக்னீசியமும் இருக்கும். வெந்நீர் போட்ட பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு பள்ளத்துக்குள்ளும் உட்காரும். உப்பு மறுபடி தண்ணீரில் கரையும். இந்தச் சுண்ணாம்புப் படிவு கரையாது. கழுவிய பிறகு தட்டு முன்பைவிட அதிகமாகப் பொரிகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். கேன் தண்ணீரும் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் முதல் அலசலுக்குச் சரி, கடைசி அலசலுக்குப் போதாது.

கடைசி அலசலுக்கு வேண்டியது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக் கடையிலும் ஆட்டோ உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் அதே மாதிரி கேனில் இருக்கும். கேட்டு வாங்குங்கள், லேபிளைப் படியுங்கள், வீட்டுக்கு வந்து வேறு பாட்டிலில் மாற்றி வைக்காதீர்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள், 10க்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு தட்டின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து அரை லிட்டர் தாராளம்.

கழுவும் முன் தட்டு எது என்று பார்ப்பது

அதே பெட்டியில் நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய 78 தட்டுகளும் இருக்கலாம். அவை ஷெல்லாக், அதாவது அரக்கு. கனமாக இருக்கும், கீழே விழுந்தால் உடையும். ஸ்பிரிட் (ஆல்கஹால்) பட்டால் ஷெல்லாக் கரைந்துவிடும், ஆகவே கீழே சொல்லும் கலவை அவற்றுக்கு ஆகாது. அமெரிக்காவில் அச்சான சில 45 தட்டுகள் வினைலே அல்ல, ஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக். விரல் நகத்தால் ஓரத்தைத் தட்டினால் வினைல் மந்தமாக ஒலிக்கும், ஸ்டைரீன் கணீரென்று ஒலிக்கும். அதற்கும் ஸ்பிரிட் வேண்டாம். ஸ்டைரீன் தட்டைக் கையால் பின்னோக்கிச் சுற்றுவதும் கூடாது, பள்ளம் சீக்கிரம் தேயும். பிரிட்டனில் அச்சான பகிள்ஸ் தட்டு வினைல்.

டார்ச்சைத் தட்டுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட படுக்கை வாக்கில் பிடித்துப் பாருங்கள். புள்ளிப் புள்ளியாக மினுங்கினால் உப்பு அல்லது மணல். பஞ்சு மாதிரி வெளுப்பாகப் பரவியிருந்தால் பூஞ்சணம். பழுப்பாக ஒரே மெழுக்காக இருந்தால் அடுப்புப் புகையோ சாம்பிராணிப் புகையோ படிந்தது. பள்ளத்தைக் குறுக்கே வெட்டும் கோடு கீறல், அதற்குக் கழுவல் மருந்தில்லை. நகம் அந்தக் கோட்டில் தட்டுப்பட்டால் ஓடும்போது ‘டக்’ என்று கேட்கும். தட்டுப்படாவிட்டால் அநேகமாகக் கேட்காது.

கழுவுதல்

வேண்டியவை: ஊதும் ரப்பர் பந்து, மென்மையான ஆட்டு முடி பிரஷ் ஒரு அங்குல அகலத்தில், பஞ்சு உதிராத மைக்ரோஃபைபர் துணி இரண்டு, லேபிளை மூட இரண்டு பிளாஸ்டிக் மூடிகள்.

மூடிகளின் அளவு முக்கியம். ஏழு அங்குலத் தட்டின் லேபிள் ஏறக்குறைய 9 செ.மீ. அகலம். பாட்டுப் பள்ளம் உள்பக்கம் அதிகபட்சம் 10.8 செ.மீ. விட்டம் வரைதான் வரும். ஆகவே 10 செ.மீ. விட்ட மூடி இரண்டை எடுத்து, விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி ஒட்டி, நடுவில் ஒரு போல்ட் போட்டு இரண்டு பக்கமும் இறுக்கினால் லேபிள் நனையாது, பாட்டுப் பகுதியும் மறையாது. நனைந்த லேபிள் காகிதம்தான் அடுத்த மழையில் பூஞ்சணத்துக்கு முதல் தீனி.

நேரம் காலை. வெயில் ஏறி கடல்காற்று எழும்புவதற்குள் முடித்துவிட வேண்டும். கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் நாளில் இந்த வேலையே வேண்டாம்.

முதலில் ரப்பர் பந்தால் மணலை ஊதித் தள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறித்துப் படியும். பிறகு ஆர்.ஓ. தண்ணீரைத் தட்டின் மேல் மெல்ல ஊற்றி, ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். பிரஷ் இன்னும் படக் கூடாது. உப்பு தானாகக் கரைய வேண்டும், நாம் தேய்த்து அகற்றக் கூடாது. அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு இன்னொரு முறை ஊற்றி வடியுங்கள்.

இப்போது கலவை. டிஸ்டில்டு வாட்டர் 85 மி.லி., ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 15 மி.லி., வாசனையும் நிறமும் இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. ஐசோபுரொப்பைல், ஐ.பி.ஏ. என்று கேட்டால் மொபைல் சர்வீஸ் கடைக்காரர்களுக்குத் தெரியும். போர்டு துடைக்க அவர்கள் வைத்திருப்பது அதுதான். கைக்குப் போடும் சானிடைசரை ஊற்றாதீர்கள். அதில் கிளிசரின் இருக்கும், பள்ளத்தில் பிசுபிசுப்பாக நின்றுவிடும். பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது, ஐ.பி.ஏ. சட்டெனத் தீப்பிடிக்கும்.

பிரஷைக் கலவையில் நனைத்துப் பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாக ஓட்டுங்கள், பத்துச் சுற்று. குறுக்கே ஓட்ட வேண்டாம். அழுத்தமும் வேண்டாம், மயிர் நுனி பள்ளத்துக்குள் இறங்கினால் போதும். பூஞ்சணம் இருந்தால் இரண்டு நிமிடம் ஊறவிட்டு மறுபடி பத்துச் சுற்று. அந்தத் தட்டைக் கையாளும்போது முகக்கவசம் போடுங்கள். கலவை காய்வதற்குள் அலச வேண்டும். காய்ந்தால் கரைந்த அழுக்கு திரும்ப அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

அலசல் இரண்டு முறை, இரண்டும் டிஸ்டில்டு வாட்டரில். ஒரு பக்கத்துக்கு ஒவ்வொரு முறையும் 100 மி.லி. போதும். இதில் கஞ்சத்தனம் பண்ணினால் சோப்புப் படலம் மிஞ்சும், முதல் ஓட்டத்திலேயே ஊசி நுனியில் வெள்ளைக் கட்டியாகச் சேரும். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, தட்டு வைக்கும் ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்தி நிழலில் உலர்த்துங்கள். சீலிங் ஃபேன் வேண்டாம், அறையில் இருக்கும் தூசியை அது ஈரத் தட்டின் மேல் கொண்டுவந்து அப்பும். கோடையில் ஒரு மணி நேரம், மழைக்காலத்தில் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். வெயிலில் வைத்தால் வினைல் வளைந்துவிடும். தகரக் கூரைக்கு அடியில் உள்ள அலமாரியும் நிறுத்தி வைத்த காரும் கிட்டத்தட்ட வெயில்தான்.

வளைந்து வந்த தட்டு என்றால், ஊசி தாண்டாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அப்படியே விட்டுவிடுவதே உத்தமம். கிண்ணம் மாதிரி குழிந்ததை 6 மி.மீ. கண்ணாடி இரண்டுக்கு நடுவே வைத்து, மேலே 5 கிலோ எடை ஏற்றி, மூன்று வாரம் விட்டால் ஓரளவு படியும். ஓரம் மட்டும் நெளிந்தது படியாது. சூடு காட்டி நிமிர்த்தும் வித்தைகள் பள்ளத்தின் உருவத்தையே கெடுத்துவிடும்.

பிளேயர்

இந்தப் பகுதியில் கிடைக்கும் பழைய பிளேயர்களில் முதல் சந்தேகம் கார்ட்ரிட்ஜின் மேல், அதாவது ஊசியைத் தாங்கி அதன் அதிர்வை மின்சாரமாக்கும் தலையின் மேல் வைக்க வேண்டும். பழையவற்றில் ‘கிரிஸ்டல்’ வகை உண்டு. அதற்குள் இருப்பது ரோஷல் உப்பு என்ற படிகம். ஈரத்தில் அது கரையும், 55 டிகிரி சூட்டுக்கு மேல் போனாலும் செத்துவிடும். கடலோர வீட்டில் இத்தனை வருடம் இருந்த கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் வேலை செய்தால் அது அதிசயம். சத்தமே வராமலோ, மிக மெல்லியதாகவோ, கரகரவென்றோ வந்தால் ஆம்ப்பைப் பிரிக்காதீர்கள். கார்ட்ரிட்ஜை செராமிக் வகைக்கு மாற்றுங்கள். செராமிக்குக்கு ஈரம் பொருட்டில்லை.

அடுத்தது ஊசி. திருப்பிப் போடும் ஊசி உள்ள பிளேயரில் ஒரு பக்கம் 78க்கு, மறுபக்கம் 45க்கும் நீளத்தட்டுக்கும். 78 ஊசியின் நுனி ஏறக்குறைய நான்கு மடங்கு பருமன். அதை 45 தட்டில் வைத்தால் பள்ளத்தின் அடிக்குப் போகாது, மேல் விளிம்பைச் செதுக்கிக்கொண்டே போகும். நீலக்கல் ஊசி சில பத்து மணி நேரத்தில் தேய்ந்துவிடும், வைர ஊசி 300 முதல் 500 மணி நேரம் தாங்கும். எத்தனை மணி ஓடியது என்று தெரியாத ஊசியை நல்ல தட்டில் வைக்காதீர்கள். புது ஊசிக்கு ஆகும் செலவு, போன தட்டைத் தேடி வாங்குவதைவிடக் குறைவு.

ஊசி அழுத்தத்தை நகைக்கடைத் தராசில், அதாவது 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசில் அளக்கலாம். தட்டு இருக்கும் உயரத்துக்கே தராசின் மேல்பரப்பும் வர வேண்டும். செராமிக் கார்ட்ரிட்ஜ் 4 முதல் 6 கிராம் கேட்கும். இன்றைய மலிவு டர்ன்டேபிளில் பரவலாக வரும் ஆடியோ டெக்னிகா 3600 எல் வகைக்கு 3 கிராம் அளவு, வி.எம். 95 இ வகைக்கு 2 கிராம். குறைத்து வைத்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். எடை குறைந்தால் ஊசி பள்ளத்தில் துள்ளும். துள்ளி விழும் ஊசிதான் பள்ளத்தை உடைக்கும். ஊசிக்கையின் தலையில் காசு வைத்து ஓட்டுவதும் இதற்கு மறுபக்கம், தேய்ந்த ஊசியை இன்னும் ஆழமாக அழுத்தும்.

கார்ட்ரிட்ஜின் பின்னால் உள்ள நான்கு பின்களிலும் ஆர்.சி.ஏ. பிளக்கிலும் களிம்பு பிடித்திருக்கும். ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் கேட்பது, தொட்டால் வருவது, விட்டால் போவது எல்லாம் இதனால்தான். பஞ்சுக் குச்சியில் ஐ.பி.ஏ. தொட்டுத் துடையுங்கள். போகாத பச்சையைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மறுபடி துடையுங்கள். பின்களின் கம்பி தலைமுடி மாதிரி, இழுத்தால் அறுந்துவிடும்.

தட்டு சுழலும் அச்சுக்கு ஒரே சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாக இறுகும். பெல்ட்டிலும் ரப்பர் சக்கரத்திலும் எண்ணெய் படவே கூடாது.

தட்டின் நடுத்துளையையும் பாருங்கள். சின்னத் துளை 7 மி.மீ. சொச்சம், பிளேயரின் கம்பியில் நேரே உட்காரும். ஜூக்பாக்ஸுக்காக வந்த தட்டுகளில் 38 மி.மீ. பெரிய துளை இருக்கும், அதற்கு அடாப்டர் வேண்டும். அடாப்டர் லொடலொடத்தால் அதன் ஓரத்தில் செல்லோடேப்பை ஒவ்வொரு சுற்றாகச் சுற்றி, தட்டு ஆடாமல் நிற்கும்வரை கூட்டுங்கள். அரை மி.மீ. மையம் தவறினாலே, மையத்திலிருந்து 6 செ.மீ. தள்ளியுள்ள பள்ளத்தில் சுருதி 0.8 சதவீதம் ஏறி இறங்கும். சங்கீதம் பழகாத காதுக்கும் அது தெரியும்.

வேகம்: சவூதி பிளேயரின் சிக்கல்

பிளேயர் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று முதலில் விசாரியுங்கள். சிங்கப்பூர், மலேசியா, துபாய், இலங்கை என்றால் மின்சாரம் நம்மைப் போல 50 ஹெர்ட்ஸ். சவூதியில் 60 ஹெர்ட்ஸ், அமெரிக்காவிலும் அப்படியே. மின்சார அலைவரிசையைப் பின்பற்றிச் சுற்றும் ஏ.சி. மோட்டார் வைத்த பழைய பிளேயர் அங்கே 45 சுற்றினால் இங்கே 37.5 தான் சுற்றும். பகிள்ஸ் பாட்டு 3 நிமிடம் 25 நொடிக்குப் பதில் 4 நிமிடம் 6 நொடி ஓடும். சுருதி மூன்று அரைக்கட்டைக்கும் சற்று அதிகமாக இறங்கி, பாடுபவருக்குத் தூக்கம் வருகிற மாதிரி கேட்கும். ஸ்டெபிலைசரோ டிரான்ஸ்ஃபார்மரோ வோல்டேஜைத்தான் மாற்றும், அலைவரிசையை மாற்றாது. மோட்டார் தண்டில் உள்ள சின்னப் புல்லியை 50 ஹெர்ட்ஸுக்கு உரிய பெரிய புல்லியாக மாற்றுவதே வழி. லேத் பட்டறையில் அதே அச்சுத்துளையோடு 1.2 மடங்கு விட்டத்தில் கடைந்து வாங்கலாம். படிப்படியாக விட்டம் மாறும் புல்லி என்றால் ஒவ்வொரு படிக்கும் அதே 1.2 மடங்கு. டி.சி. மோட்டார் வைத்த பிளேயருக்கு இந்தத் தொல்லை இல்லை.

வேகத்தை அளக்க எளிய வழி: தட்டின் ஓரத்தில் சின்ன வெள்ளைத் தாள் ஒட்டி, போனில் இரண்டு நிமிடம் படம்பிடித்து, மெதுவாக ஓடவிட்டு எண்ணுங்கள். 90 சுற்று வர வேண்டும். ஒரு சுற்று குறைந்தால் வேகம் 1.1 சதவீதம் குறைவு. 89க்கும் 91க்கும் உள்ளே இருந்தால் கணினியில் திருத்திக்கொள்ளலாம், அதற்கு வெளியே போனால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. ஸ்ட்ரோப் அட்டை (வேகம் சரியானால் கோடுகள் நிற்பது போலத் தெரியும் அட்டை) வைத்துப் பார்ப்பவர்கள் எல்.இ.டி. பல்பின் கீழ் பார்த்து ஏமாறுகிறார்கள். பல எல்.இ.டி.கள் மின்சாரத்தோடு சேர்ந்து சிமிட்டுவதில்லை. பழைய சோக் டியூப்லைட் சரியாகக் காட்டும்.

காதால் சோதிப்பது

முதல் ஓட்டத்தில் பொரிச்சல் கேட்டால் கடிகாரத்தைப் பாருங்கள். 45 தட்டு ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் 1.33 நொடி. ‘டக்’ சத்தம் அந்த இடைவெளியில் தாளம் தவறாமல் வந்தால் கீறல். கண்டபடி வந்தால் உப்போ தூசியோ மிஞ்சியிருக்கிறது, இன்னொரு முறை கழுவலாம். இரண்டாம் கழுவலில் பெரிய வித்தியாசம் தெரிவது உப்புப் பிடித்த தட்டுகளில்தான்.

பாட்டு பியானோவில் தொடங்குகிறது. நீளமாக நிற்கும் பியானோ ஒலியில் சுருதி ஆட்டம் போல வேறெதிலும் பளிச்சென்று தெரியாது. ஒவ்வொரு 1.33 நொடிக்கும் அலை மாதிரி ஏறி இறங்கினால் துளை மையத்தில் இல்லை. ஊசிக்கை இடம் வலமாக ஊசலாடுவது கண்ணுக்கே தெரியும். படபடவென வேகமாக நடுங்கினால் மோட்டார் புல்லியிலோ ரப்பர் சக்கரத்திலோ கோளாறு.

அடுத்து ஆண் குரல். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஹார்னின் குரல் மெலிந்து, மூக்கடைத்த மாதிரி, பழைய ரேடியோப் பெட்டிக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். அது பிளேயரின் கோளாறு அல்ல. வேண்டுமென்றே அடித்தொனியையும் மேல்தொனியையும் வெட்டி, தொலைபேசி போலவும் ரேடியோ போலவும் ஒலிக்கும்படி ஆக்கிய குரல். ரேடியோவின் காலம் போனதைப் பாடும் பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான குரல் கிடையாது. மத்திய அலையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த இந்தக் கரைக்காரர்களுக்கு அந்த ஒலி உடனே பிடிபடும். ட்ரெபிளைக் கூட்டி அதைச் ‘சரிசெய்ய’ முனையாதீர்கள், இரைச்சல்தான் கூடும்.

தொனியை எடைபோட வேண்டியது பெண் குரல்களை வைத்து. லிண்டா ஜார்டிம், டெபி டாஸ் இருவரும் பாடும் பகுதிகள் கூர்மையாக, முழுசாகப் பதிவானவை. அவற்றில் ‘ஸ்’ ஒலி துப்புவது போல உடைந்தால் ஊசி தேய்ந்திருக்கிறது அல்லது கார்ட்ரிட்ஜ் கோணலாக நிற்கிறது. அவையும் மந்தமாகவே கேட்டால் ஊசி நுனியில் அழுக்கு.

குரல், டிரம், பேஸ் எல்லாமே தகரம் போல ஒலித்தால் விஷயம் வேறு. காந்த கார்ட்ரிட்ஜின் ஒலியை போனோ பிரீஆம்ப் இல்லாமல் நேரே கொடுத்திருக்கிறீர்கள். தட்டை வெட்டும்போது பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டுவார்கள். ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற அந்த அளவை ஓடும்போது திருப்பிப் போடுவது பிரீஆம்ப்பின் வேலை. டர்ன்டேபிளுக்குள்ளேயே பிரீஆம்ப் இருந்து, வெளியிலும் ஒன்று சேர்த்தால் இதற்கு நேர்மாறு: எல்லாம் கும்மென்று, அடைத்த மாதிரி. செராமிக்குக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. வேண்டாம், ஆனால் அதற்கு ஒரு மெகாஓம் அளவு உள்ளீடு வேண்டும். சவுண்டு கார்டின் லைன் உள்ளீட்டில் நேரே சொருகினால் பேஸ் முழுக்கக் கொட்டிப் போய்விடும். நடுவே ஒரு ஹை இம்பீடன்ஸ் பஃபர் போடுங்கள். கிட்டார் பிக்கப்புக்கு விற்கும் டி.ஐ. பாக்ஸில் உள்ளீடு ஒரு மெகாஓம் என்று போட்டிருந்தால் அதுவும் ஆகும்.

கணினிக்கு மாற்றுதல்

மென்பொருள் ஆடாசிட்டி, இலவசம். 44,100 ஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ, வேவ் கோப்பு. இந்தப் பாட்டின் நீளத்துக்கு ஏறக்குறைய 54 எம்.பி. ஆகும். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். பாதி உறுமல் அங்கேயே போய்விடும். மிச்ச உறுமலுக்கு டர்ன்டேபிளின் எர்த் கம்பி பிரீஆம்ப்பின் திருகில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அந்தத் திருகிலும் களிம்பு இருக்கும். பதியும் நேரத்தில் தண்ணீர் மோட்டாரும் ஃபிரிட்ஜும் ஓடக் கூடாது. அவை தொடங்கும்போதும் நிற்கும்போதும் விழும் ‘டப்’ சத்தம் தட்டின் கீறல் மாதிரியே பதிவில் நிற்கும்.

பாட்டின் உரத்த இடத்தை, அதாவது எல்லாக் குரல்களும் சேரும் பகுதியை ஒருமுறை ஓட்டி, மீட்டர் உச்சம் மைனஸ் 6 டெசிபலில் நிற்கும்படி வையுங்கள். 45 தட்டுகள் நீளத்தட்டைவிட உரக்க வெட்டப்படுவது வழக்கம், நீளத்தட்டுக்கு வைத்த அளவிலேயே விட்டால் உச்சி வெட்டுப்படும். வெட்டுப்பட்டதைப் பிறகு ஒட்ட முடியாது.

ஊசியை வைப்பதற்கு முன்பே பதிவைத் தொடங்கி, பாட்டு முடிந்து ஊசி உள்வட்டத்துக்குப் போகும்வரை விடுங்கள். தொடக்கத்தில் பாட்டில்லாத சில நொடிப் பள்ள இரைச்சல்தான் பின்னால் இரைச்சல் நீக்கத்துக்கு மாதிரி. மறுபக்கத்தில் ‘கிட் டைனமோ’ இருக்கிறது, அதையும் அதே அளவில் பதியுங்கள். ஒரே பாட்டுக் குழுக்களின் மறுபக்கப் பாட்டுகளை யாரும் தேடிப் பதிவதில்லை. தட்டு கையில் இருக்கும்போதே எடுத்தால்தான் உண்டு.

திருத்தம் செய்யும் வரிசை மாறக் கூடாது. மூலக் கோப்பைப் பிரதி எடுத்துத் தனியே வையுங்கள், அதைத் தொடாதீர்கள். பிரதியில் முதலில் ‘டக்’ சத்தங்களை நீக்குங்கள். பத்துப் பதினைந்து இடம்தான் என்றால் தானியங்கியை விடாமல், ஒவ்வொன்றையும் பெரிதாக்கிக் கையால் சரிசெய்வதே மேல். தானியங்கி டிரம் அடியையும் சேர்த்து மழுக்கும். பிறகு 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், மோட்டார் அதிர்வு போகும். அதன்பின் இரைச்சல் நீக்கம், 6 டெசிபல் போதும். 12, 18 என்று ஏற்றினால் பாட்டு தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கும். ஏற்கெனவே ஒடுக்கிய அந்த ஆண் குரல்தான் முதலில் சிதையும். கடைசியில் வேகம். பாட்டு 3 நிமிடம் 29 நொடி வந்தால் 2 சதவீதம் மெதுவாக ஓடியிருக்கிறது. ‘வேகம் மாற்று’ என்ற வசதியில் 2 சதவீதம் கூட்டினால் நீளமும் சுருதியும் சேர்ந்தே சரியாகும். ‘டெம்போ மாற்று’ என்பதைத் தொடாதீர்கள், அது சுருதியை அப்படியே விட்டுவிடும். லேபிளில் அச்சான நேரம் ஓரிரு நொடி முன்பின் இருக்கும், ஆகவே சுற்று எண்ணிக்கையையும் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வைத்துக்கொள்ள ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு), போனில் கேட்க எம்.பி.3.

திரும்ப வைப்பது

பழைய உறையின் உள்காகிதத்தில் தட்டைத் திரும்பப் போடாதீர்கள், கழுவிய உழைப்பு வீண். அதில் உப்பும் பூஞ்சண விதையும் அப்படியே இருக்கும். புது உள்ளுறை, சாதா காகிதம் அல்லது பாலித்தீன். பளபளப்பான பி.வி.சி. உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் எண்ணெய்ப்பொருள் வினைலில் மங்கலான படலமாகப் படியும். அச்சிட்ட பழைய உறையைத் தனியே ஒரு பாலித்தீன் கவரில் தட்டோடு சேர்த்து வைக்கலாம்.

செங்குத்தாக நிறுத்துங்கள். ஓதம் ஏறும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயரத்தில். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் 50 கிராம் நீலச் சிலிக்கா ஜெல், துணிப்பையில் கட்டி. வெளிறி இளஞ்சிவப்பானால் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் நீலம் திரும்பும். உணவு சமைக்கும் பாத்திரத்தில் அதைப் போடாதீர்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுவதும் வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து ஜெல்லின் நிறத்தையும் லேபிளின் ஓரத்தையும் பாருங்கள். லேபிளில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உலர்ந்த மென்பிரஷால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டிவிட்டு, ஜெல்லை அன்றே மாற்றுங்கள்.